பிலிமில் விழாத சிரிப்பு

சீர்காழி குஞ்சிதபாதம் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவின் மூன்றாம் படப்பிடிப்புத் தளத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, இரண்டாவது டேக்கில் இறந்துபோனார். இறந்தபின் பாடையிலிருந்து எழுந்து, தேங்காயெண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைத்து, தன் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னவர்களிடம் பசியில்லை என்று சொல்லிவிட்டு, வடபழனி வரை வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார். வெயில் உறைக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அவருக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. ஒன்பது வயதில் பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் சேர்ந்து, குரல் உடையும்வரை ராஜகுமாரியாகவும், உடைந்த பிறகு மந்திரியாகவும், உடைந்த குரல் கெட்டிப்பட்ட பிறகு அரக்கனாகவும் தமிழ்நாட்டில் கொட்டகை உள்ள ஊர்களிலெல்லாம் நின்றவர். கடைசி பெஞ்சுக்குக் கேட்காத வசனம் வசனமே இல்லை என்று கம்பெனி வாத்தியார் பிரம்பால் சொல்லிக்கொடுத்திருந்ததை, சினிமாவுக்கு வந்து மைக்கைத் தலைக்கு மேல் தொங்கவிட்ட பிறகும் அவரால் மறக்க முடியவில்லை. அவர் பேசினால் ஒலிப்பதிவு அறையில் சத்தத்தை அளக்கும் முள் சிவப்புக்குப் போய் நின்றுகொண்டது. ஆகையால் அவருக்கு அதிகம் பேசாமல் சீக்கிரம் இறந்துவிடும் வேடங்களைக் கொடுத்தார்கள். முப்பத்தொரு படங்களில் நடித்து இருபத்தாறில் இறந்திருந்தார். விஷத்தில், பாம்பில், வாளில், தந்தி படித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மில் எரிவதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மகள் ஓடிப்போனதைக் கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. சாவதில் குறையில்லை, செத்த பிறகுதான் தொந்தரவு. பாடையில் அவர் வயிறு ஏறி இறங்கும். பிணம் மூச்சு வாங்குது, இன்னொன்று எடுங்க என்று ஒலிப்பதிவாளர் உள்ளேயிருந்து சொல்வார்.

பிணமாக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று ஒரு வழக்கம் உண்டு. ஷாட் முடிந்ததும் பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி, பாடையில் கிடப்பவரை எழுந்து உட்காரச் சொல்லி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து, அதைப் பத்தடி பிலிமில் எடுப்பார்கள். அந்தப் பத்தடியை யாரும் பார்ப்பதில்லை, படத்தில் ஒட்டுவதில்லை, லேபிலேயே குப்பையில் போய்விடும். ஆனாலும் எடுக்காமல் இருந்ததில்லை. அன்றைக்கு, கப்பலில் வரவேண்டிய பிலிம் வராமல் ஊரெல்லாம் தட்டுப்பாடாயிருந்ததால், மீதியிருந்த துண்டு கதாநாயகியின் அழுகைக்கு வேண்டும் என்று முதலாளி ஒளிப்பதிவாளர் நஞ்சுண்டையாவின் காதில் சொல்ல, நஞ்சுண்டையா பிலிமைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கேமராவைச் சுற்றினார். பூசணிக்காய் உடைந்தது, கற்பூரம் எரிந்தது, குஞ்சிதபாதமும் பல் தெரியச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எதிலும் விழவில்லை.

வீட்டில் காபி டம்ளரைக் கொடுக்கும்போது விரல் பட்டதில் தையல்நாயகிக்குத் தெரிந்துவிட்டது. டம்ளரைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்துவிட்டு, புருஷன் மார்பில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"என்னங்க, உள்ள ஒண்ணும் ஓடலியே" என்றாள்.

இரண்டு டேக் படுத்திருந்த களைப்பாயிருக்கும் என்று அவர் சொன்னார். மறுநாளும் ஓடாததால் தெருமுனை டாக்டர் பஞ்சநதத்திடம் போனார்கள். அவர் நாடி பார்த்து, குழாய் வைத்துக் கேட்டு, கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்து, இறந்து ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை என்றார். பழக்க தோஷத்தில் உப்பைக் குறைக்கச் சொன்னார்.

தெருவில் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முதல் வாரம் கொஞ்சம் குழப்பம் இருந்தது. ஒரு தெருவில் பிணம் கிடந்தால் எடுக்கும்வரை அந்தத் தெருக் கோயிலைத் திறக்கக்கூடாது. ஆகவே குருக்கள் பிள்ளையார் கோயிலை இழுத்துப் பூட்டிவிட்டு இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து யோசித்தார். மூன்றாம் நாள், பிணம் காலை ஏழு மணிக்கு ஸ்டுடியோ வேனில் தெருவைவிட்டுப் போய்விடுகிறது, மாலை ஆறுக்குத்தான் திரும்புகிறது, நடுவில் தெரு சுத்தமாகத்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஏழேகாலுக்குத் திறந்து ஐந்தே முக்காலுக்குச் சாத்தத் தொடங்கினார். அதிலிருந்து தெருவில் எல்லோருக்கும் குஞ்சிதபாதத்தின் கால்ஷீட் தெரிந்திருந்தது. நாளைக்கு ஷூட்டிங் உண்டா அண்ணே என்று பால்காரர் முதற்கொண்டு கேட்டார்கள். ஷூட்டிங் இல்லாத நாட்களில் அவர் தானாகவே குடையை எடுத்துக்கொண்டு பனகல் பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். சங்கடஹர சதுர்த்தியன்று மட்டும் குருக்களே வந்து, கொஞ்சம் இருட்டிய பிறகு வந்தால் நன்றாயிருக்கும் என்று தயங்கிச் சொல்வார், அவரும் தட்டியதில்லை.

தையல்நாயகியின் பொட்டைப் பற்றிப் பெண்கள் குழாயடியில் பேசினார்கள். ஒரு நாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, சாயங்காலம் வந்து பேப்பர் எங்கேன்னு கேக்கறவருக்காக நான் எதை அழிக்கிறது என்று அவள் கேட்டாள். பேச்சு அடுத்த வீட்டு மாடி வாடகைக்காரர் பக்கம் திரும்பியது.

நடிகர்கள் சங்கம் மட்டும் முறைப்படி நடந்துகொண்டது. அனுதாபக் கூட்டம் போட்டு, மாலை சாத்திய படத்துக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். உயிரோடிருந்தபோது பேர் தெரியாமல் "அந்த நெஞ்சுவலிக்காரர்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நாடகக் கலையின் கடைசித் தூண் சாய்ந்தது என்று பேசினார்கள். குஞ்சிதபாதம் கைகூப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நன்றியுரையில், இவ்வளவு தூரம் சொல்லுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே பண்ணியிருப்பேன் என்றார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அடுத்த படத்தில்தான் அது நடந்தது. பணக்கார அப்பா பங்காளி செய்த துரோகத்தைக் கேட்டு இறக்கும் காட்சி. துரோகத்தைச் சொல்லிமுடித்தும் குஞ்சிதபாதம் நெஞ்சைப் பிடிக்கவில்லை. பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. சொன்னவன் முகத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். இமைக்கவில்லை. விளக்குச் சூட்டில் மற்றவர்களுக்கெல்லாம் மேக்கப் வழிய, அவர் முகத்தில் ஒரு துளி இல்லை. மூச்சு வேண்டியிருக்காததால் வசனம் எங்கிருந்தோ மெல்லப் புறப்பட்டு, வந்த இடம் தெரியாமல் நின்றது. முள் சிவப்புக்குப் போகவில்லை. ஒலிப்பதிவாளர் வெளியே வந்து தன் கண்ணால் பார்த்துவிட்டுப் போனார்.

இருநூறு பேர் படிக்கும் ஒரு மாதப் பத்திரிகையில், தமிழ்த் திரையில் முதன்முறையாக ஒருவர் நடிக்காமல் இருந்திருக்கிறார் என்று ஒரு விமர்சகர் ஆறு பக்கம் எழுதினார். இருநூறு பேரும் அதை ஆளுக்குப் பத்துப் பேரிடம் சொன்னார்கள். கல்கத்தாவிலிருந்து ஒரு டைரக்டர் வந்து, இவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, பார்க்கிறவர்கள் வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் வியந்துவிட்டுப் போனார். இளம் நடிகர்கள் கண்ணாடி முன் மூச்சடக்கிப் பழகி ஒருவர் பின் ஒருவராக மயங்கி விழுந்தார்கள். முன்பு மூன்றாவது ரீலில் இறந்துவிடும் குஞ்சிதபாதம், இப்போது, இறந்துவிட்ட காரணத்தால், கடைசி ரீல்வரை உயிரோடிருந்தார். நீதிபதி, கலெக்டர், மகனைப் பறிகொடுத்த ரிடையர்டு வாத்தியார் என்று வரிசையாக வேடங்கள். அவர் பெயர் டைட்டிலில் தனியாக வந்தது. இப்படி இரண்டு வருஷம் போயிற்று. மூன்றாம் வருஷம், மகள் ஞானத்துக்குச் சம்பந்தம் வந்தது.

பிள்ளை மாயவரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். பிள்ளையின் அப்பா சிவக்கொழுந்து தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாயிருந்து ஓய்வு பெற்றவர். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய், பஜ்ஜி சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பொண்ணோட அப்பா இருக்காருங்களா?"

எதிர் நாற்காலியில் குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார். இருக்காருங்க என்று தையல்நாயகி சொன்னாள்.

"இருக்காரு, தெரியுது. உயிரோட இருக்காரான்னு கேட்டேன்."

சிவக்கொழுந்து நல்ல மனுஷர். தான் பழைய காலத்து ஆள் இல்லை என்றும், எழுத்தில் உள்ளதைத்தான் தன்னால் பார்க்க முடியும் என்றும், தாராளமாக அவர் பந்தலுக்கு வரட்டும், முன்வரிசையில் குஷன் நாற்காலி போடச் சொல்கிறேன் என்றும் சொன்னார். மணையில் மட்டும் வேண்டாம். இறந்தவர் கையால் தாரை வார்த்தால் அது தாரையாகாது. அவர் சம்சாரமும் மணைப் பக்கம் வராமல் சமையல்கட்டோடு இருந்துவிடட்டும். பெண்ணுக்குச் சித்தப்பா இருக்கிறாராமே, அவரும் அவர் மனைவியும் நின்று கொடுக்கலாம். தை இருபத்துமூன்றில் முகூர்த்தம் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

தையல்நாயகி அன்று மாலைவரை பஜ்ஜித் தட்டுகளைக் கழுவினாள். ஒற்றைப் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்கும் இடத்தில் தான் நிற்கக்கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தாள். மறுநாள் காலை புருஷன் வேன் ஏறியதும் சாலிகிராமத்தில் நஞ்சுண்டையா வீட்டுக்குப் போனாள். எந்தப் படத்தில், எந்த நாளில், யார் கேமரா என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. அவளைப் பார்த்ததுமே நஞ்சுண்டையா எழுந்துவிட்டார். கேட்பதற்கு முன்னாலேயே, கேமராவுல பிலிம் இல்லைங்கம்மா, முதலாளி சொன்னாரு, நான் சுத்தினேன் என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். இரண்டு வருஷமாகத் தான் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் துண்டு விழும் பிலிமில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்து, ஐம்பதடி சேர்த்து ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பதாகவும், கேட்கத்தான் தைரியமில்லை என்றும் சொன்னார். அதே தளம், அதே பாடை, அந்தப் பத்தடிச் சிரிப்பு. அவ்வளவுதான் வேண்டும் என்றார்.

அவள் அதைப் புருஷனிடம் சொன்னாள். குஞ்சிதபாதம் பேப்பரை மடித்து வைத்தார். இறந்த பிறகு அவருக்கு முகத்தில் எதுவும் தெரியாது என்பதால், அவர் என்ன நினைக்கிறார் என்பதைக் குரலில்தான் கேட்க வேண்டியிருந்தது.

"நாப்பது வருஷம் கத்திக்கிட்டிருந்தேன், தையலு. ரெண்டு வருஷமாத்தான் நடிகன்."

அவள் தர்க்கம் பண்ணவில்லை. சரிங்க, அப்ப தம்பிக்குக் கடுதாசி போட்டுடறேன் என்று உள்ளே போய்விட்டாள். விஷயம் எப்படியோ ஸ்டுடியோவுக்கும் எட்டி, அவரை ஒப்பந்தம் செய்திருந்த முதலாளிகள் நாலுபேர் சேர்ந்து காரில் வந்து, அவசரப்பட்டு எதுவும் செய்துவிட வேண்டாம், உயிர் எல்லோருக்கும் இருக்கிறது, இது எல்லோருக்கும் வராது என்று வேண்டிக்கொண்டு போனார்கள். ஞானமும் ஒரு நாள் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குஷன் நாற்காலி போடறாங்களாம்ப்பா, நல்லாத் தெரியும் என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள். அவர் மேடைக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து எதையும் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

தம்பி சட்டைநாதன் முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே சீர்காழியிலிருந்து மனைவியோடு வந்து இறங்கினார். அங்கே பாத்திரக்கடை வைத்திருப்பவர், பொறுப்பான ஆள். வந்த மறுநாளே கூடத்தில் மணைப்பலகையைப் போட்டு, ஒரு தேங்காயைப் பெண்ணின் கையாகப் பாவித்துத் தாரை வார்க்கப் பழகினார். குஞ்சிதபாதம் அன்று ஷூட்டிங் இல்லாததால் குடையோடு பூங்காவுக்குக் கிளம்பியவர், வாசற்படியில் நின்று பார்த்தார். தம்பி தேங்காயை நீட்டிய விதம், எடைபோட்ட குத்துவிளக்கை வாடிக்கைக்காரர் கையில் கொடுப்பதுபோல் இருந்தது. கொடுத்ததும் அடுத்த வாடிக்கைக்காரரைத் தேடுவதுபோல் வாசலைப் பார்த்தார். அண்ணன் நிற்பதைப் பார்த்துவிட்டு, மரியாதையாக எழுந்து கேட்டார்:

"அண்ணே, நல்லவேளை. அந்த எடத்துல அழுவணுமாண்ணே, வேண்டாமா? நீங்க சொன்னா சரியாயிருக்கும்."

குஞ்சிதபாதம் குடையைச் சுவரில் சாத்திவிட்டு, பூங்காவுக்குப் போகாமல், சாலிகிராமம் போகும் பாதையில் நடந்தார்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் மூன்றாம் தளம் கிடைத்தது. செய்தி பரவி, சாப்பாட்டை விட்டுவிட்டு எல்லாத் தளத்து ஆட்களும் வந்துவிட்டார்கள். விமர்சகரும் வந்திருந்தார். பாடையில் குஞ்சிதபாதம் படுத்தார். இவ்வளவு நேர்த்தியான பிணத்தை அந்த ஸ்டுடியோ பார்த்ததில்லை. பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். நஞ்சுண்டையா கேமராவைத் திறந்து உள்ளே பிலிம் இருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டு மூடினார். சிரிங்க அண்ணா என்றார்.

குஞ்சிதபாதம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். உதடு ஒரு நூலளவு விரிந்தது. கண்ணில் ஏதோ வந்ததுபோலவும் வராததுபோலவும் இருந்தது. தளமே மூச்சுப் பிடித்துப் பார்த்தது, வாழ்க்கை முழுதையும் அந்த ஒரு நூலில் வைத்துவிட்டார் என்று விமர்சகர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார், யாரோ கைதட்டக்கூடத் தொடங்கினார்கள். நஞ்சுண்டையா ஓடிப்போய் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். ஒன்றும் ஓடவில்லை. இன்னொன்று எடுத்தார்கள். அது முதலாவதைவிட அழகாக இருந்தது, மார்பு முதலாவதைப் போலவே இருந்தது. முப்பதடி போய்விட்டது, இன்னும் இருபதடிதான் இருக்கிறது என்றார் நஞ்சுண்டையா.

தையல்நாயகி தளத்தின் மறுகோடியில், பெரிய கதவுக்குப் பக்கத்தில், கூட்டத்துக்கெல்லாம் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"எனக்குக் கேக்கலீங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. குஞ்சிதபாதமும் பார்த்தார். கேமராவுக்கும் அவளுக்கும் நடுவே அறுபது எழுபது தலைகள் இருந்தன. சபையைப் பார்ப்பதுபோல் அத்தனை தலைகளையும் ஒரு முறை அளந்தார். விமர்சகரைப் பார்த்தார், அவரிடம் ஏதோ விடைபெறுகிற மாதிரி. பிறகு இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தார்.

அது கொட்டகைச் சிரிப்பு. அரக்கன் திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டு வரும்போது சிரிப்பது, கைக்குழந்தைகளை அழவைப்பது, முறுக்கு விற்பவனையும் நிறுத்துவது. வயிறு குலுங்கியது, பாடை மூங்கில் கிறீச்சிட்டது, மேலே பரணில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கம்பியைப் பற்றிக்கொண்டார்கள். பக்கத்துத் தளத்தின் ஒலிப்பதிவு அறையில் முள் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றது. சிரிப்பு நடுவில் இருமலாயிற்று, இருமலில் கோழை வந்தது, நெற்றியில் வியர்வை அரும்பிச் சாயம் கோடுகோடாக வழிந்தது. நாகரிகம் தெரிந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விமர்சகர் கதவுப் பக்கம் போய்விட்டார். பிலிம் தீர்ந்து கேமரா வெறுமனே கடகடத்தபோதும் குஞ்சிதபாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை பிடிக்க உள்ளே இருந்தது. பிறகு நிறுத்தி, மூச்சு வாங்க, சாப்பாடு மிச்சமிருக்கா என்று கேட்டார். ஆறு பேருக்கு வைத்திருந்ததைத் தனியாகச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமைக்குள் நாலு முதலாளிகளும் ஆள் அனுப்பி, கதையில் மாறுதல் செய்திருப்பதாகவும், நீதிபதி வேடம் எடுக்கப்பட்டுவிட்டதாகவும் வருத்தத்தோடு தெரிவித்தார்கள். இருநூறு பேர் படிக்கும் பத்திரிகை, ஒரு மேதையின் மறைவு என்று கறுப்புக் கட்டம் போட்டு எழுதியது. அது வந்த அன்று குஞ்சிதபாதம் காய்ச்சலில் படுத்திருந்தார். இரண்டு வருஷத்து வெயில் ஒரேயடியாக உறைத்ததுதான் என்று பஞ்சநதம் மாத்திரை கொடுத்தார்.

தை இருபத்துமூன்று காலை, மாயவரத்தில், சட்டைநாதன் முன்வரிசைக் குஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். குஞ்சிதபாதம் மணைக்குப் போகுமுன் சிவக்கொழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணி, சரியாயிருக்கிறது என்று தலையசைத்தார். மகளின் கையை மாப்பிள்ளை கைமேல் வைத்து, அதற்குமேல் தன் கையை வைத்தபோது குஞ்சிதபாதத்தின் முகம் கோணியது. அதை யாரும் முழுதாகப் பார்ப்பதற்குள் அழுகை புறப்பட்டுவிட்டது. ஐயோ என் கண்ணே என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தார். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஆட்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள், சினிமாக்காரர் இல்லையா, நடிக்கிறார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

சிவக்கொழுந்து குனிந்து, தாரைச் செம்போடு பக்கத்திலிருந்த தையல்நாயகியின் காதுக்குக் கேட்கும்படி பணிவாகச் சொன்னார்:

"அம்மா, கொஞ்சம் கொறைச்சுக்கச் சொல்லலாமே. இவ்வளவு எதுக்கு?"

"அது கொறையாதுங்க" என்றாள் அவள். செம்பைச் சாய்த்தாள், ஆடிக்கொண்டிருந்த அந்தக் கையின்மேல் தண்ணீர் பாதி விழுந்தது, பாதி அவள் புடவையில் விழுந்தது.